அச்சரப்பாக்கத்தில் ஒரு காலை நடை

மலை ஏறுவது என்றதுமே கொடைக்கானல், ஏற்காடு என்று மலைக்க வேண்டாம். மேல்மருவத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன் அச்சரப்பாக்கம். ஊரையொட்டியே வஜ்ரகிரி மலை. புதர்க்காடும் பாறையுமாக, மேலே பசுபதீஸ்வரர். மழை மலை மாதா கோயிலும் இந்த ஊரில்தான்.

நாங்கள் போனது தை மாதம். சித்திரை வெயிலில் குழந்தைகளோடு இந்தப் பாறையில் கால் வைக்காதீர்கள். விடியற்காலையில் மலையை முடித்துக்கொண்டு ஒன்பதரைக்குள் இறங்கினால், ஆட்சீஸ்வரர் கோயிலை நடை சாத்துமுன் தரிசித்து, ஒரு சுற்றாக ஸ்டேஷனுக்கு வந்துவிடலாம். சம்பந்தர் பாடிய தலம். பிள்ளையாரை வணங்காமல் திரிபுரம் எரிக்கப் போன சிவனின் தேர் அச்சு இங்கே முறிந்ததாம். பேர் வந்த கதை அதுதான். ஏறும்போதே சொல்லிக்கொண்டு போனால் குழந்தைகளுக்குக் கால் வலி தெரியாது!

சாப்பாட்டுக்குப் புளியோதரையும் உப்புப் போட்ட நீர்மோரும் போதும். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி. "வழியில ஒதுங்க இடமில்லையேம்மா" என்று என் மாமியார் காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. நம்மில் பலர் இப்படித்தான். அப்புறம் நீர்க்கடுப்பு வந்து அவஸ்தைப்படுவது யார்? கிளம்புமுன் ஊருக்குள்ளேயே கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போய்விட்டு, தாராளமாகக் குடியுங்கள்.

துறுதுறுவென்று பேசி வந்த குழந்தை திடீரென்று சோர்ந்து, "தலை வலிக்குதும்மா" என்றால், உச்சி பக்கத்திலேயே இருந்தாலும் சரி, நிழலில் உட்கார வைத்து, ஈரத் துணியால் துடைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாக இறங்கிவிடுங்கள். வாந்தி, மயக்கம் என்றால் உடனே டாக்டர்தான்.

ரயில் நேரத்தை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லா வண்டியும் இங்கே நிற்காது.