தாடைக்குக் கீழே

மே 29, 2024, புதன். டுசெல்டார்ஃப்

குளிர். ஊரில் அக்னி நட்சத்திரம் நேற்றுதான் முடிந்தது, இங்கே ஸ்வெட்டர். இவுக விடிந்ததும் யு78 டிராம் பிடித்து துரூபா அச்சு மெஷின் கண்காட்சிக்குப் போயாச்சு. ராத்திரி வரும்போது கால் வீங்கியிருக்கிறது, முகம் மட்டும் கல்யாண மாப்பிள்ளை. சாப்பிடும்போதும் மெஷின், படுக்கும்போதும் மெஷின். நாளைக்கு நானும் வரணுமாம். மாட்டேன். பிரஸ் சத்தம் சிவகாசியிலேயே போதும்.

மே 30, வியாழன்

இங்கே ஏதோ கிறிஸ்தவப் பண்டிகை. கடையெல்லாம் பூட்டு. புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு பில்க் என்கிற பக்கம் நடந்தேன். ஒரு மாடி ஜன்னலில் வயலின். சின்னப் பிள்ளையாக இருக்கும். ஒரே வரி, ஒரே இடத்தில் தப்பு, மறுபடி முதலிலிருந்து. கீழேயே நின்றேன். இடது கை விரல்கள் ஹேண்ட்பேக் வாரை அழுத்திக்கொண்டிருந்தன. கதவில் ஒரு பலகை. எழுத்து புரியவில்லை, வயலின் படம் புரிந்தது. போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். எதற்கு அனுப்பினேன்?

மே 31, வெள்ளி

தம்பி மெயிலே போட்டுவிட்டான். நாளைக்கு 11 மணிக்கு வயலின் கிளாஸ். ஒரு மணி நேரம், 45 யூரோ. சும்மா அனுப்பினதற்கு இப்படியா?

இவுக: "நாலாயிரம் ரூவாயா? ஊர்ல மாசம் பூரா சொல்லித் தருவாங்களே."

ஊரில் சொல்லித் தந்தபோது யார் போகவிட்டது? கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன், அவ்வளவுதான்.

விருதுநகரில் என் வயலின் வாத்தியார் சைக்கிளை நிறுத்தும்போதே ஆரம்பித்துவிடுவார். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் மதராஸில் வெள்ளைக்காரரிடம் வயலின் படித்த கதை. பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆன கதை. எட்டயபுரம் என்ன தூரமா, சாத்தூர், கோவில்பட்டி, அடுத்து அதுதான். தீட்சிதர் வருஷக்கணக்கில் படித்தார். எனக்கு ஒரு மணி நேரம்.

இடது கை நகத்தை ஒட்ட வெட்டினேன். தூக்கம் வரவில்லை. போக வேண்டாம் என்று தோன்றுகிறது.

ஜூன் 1, சனி

போனேன்.

டீச்சருக்கு என் மகள் வயசு இருக்கும். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க வயலினைக் கையில் வாங்கினேன். நின்றுகொண்டே வாசிக்கணும். தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கணும். புடவை வழுக்குகிறது, வயலின் வழுக்குகிறது. டீச்சர் ஒரு துணியை மடித்துத் தோளில் வைத்தார். வில்லை இழுத்தால் கிறீச். ஸ எங்கே என்று தேடினேன். நமக்கு ஸ ப ஸ ப. இவர்களுக்கு நாலு தந்தியும் நாலு சுருதி, ஜி டி ஏ இ. "கழுத்தை இறுக்காதீங்க" என்று தோளை அழுத்திக்கொண்டே இருந்தார். அழுத்த அழுத்த இறுகியது. பாதி நேரம் இதிலேயே போச்சு. 45 யூரோ!

அப்புறம் கேட்டார், உங்கள் ஊரில் எப்படி வாசிப்பீர்கள் என்று.

தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். முழங்கால் டக்கென்றது. வயலினின் தலை வலது கணுக்காலில், அடிப்பக்கம் நெஞ்சில். இடது கைக்கு விடுதலை. தாங்கிப் பிடிக்கிற வேலை காலுக்குப் போய்விட்டது, கை ஓடினால் போதும். கேட்டுக்கொண்டு பிருடையைத் திருகி மேல் இரண்டு தந்தியையும் இறக்கினேன். ஸ ப ஸ ப. அப்பாடா.

தோடி ராகத்துக் காந்தாரம். அது ஒன்றுதான், அசைத்து அசைத்து. எப்படி வந்தது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் எங்கே இருந்தது?

டீச்சர் பியானோவில் அதைத் தேடினார். இந்தக் கட்டை, அடுத்த கட்டை, மறுபடி இந்தக் கட்டை. "எது உங்கள் காந்தாரம்?" எதுவும் இல்லை, எல்லாமும்தான் என்றேன். என் இங்கிலீஷுக்கு அவ்வளவுதான் வரும். அவரும் தரையில் உட்கார்ந்து பார்த்தார். கால் மடங்கவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம்.

கடைசிப் பத்து நிமிஷம் ஷூமனின் சந்தோஷமான உழவன். 1848-ல் பிள்ளைகளுக்காகப் பியானோவுக்கு எழுதினது, வயலின் படிக்கிற பிள்ளைகளும் வாசிப்பார்களாம். எனக்கு அவர்கள் நோட்டு தெரியாது, ஸ்வரமாக எழுதிக்கொண்டேன். அட, சங்கராபரணம். அசைக்காதீங்க, நேராகப் போங்க என்றார். முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம் இப்படித்தானே போகும், பேண்டு வாத்திய மெட்டில். ஒரு வரி சுத்தமாக வந்தது. நின்றுகொண்டே!

ராத்திரி: ஆற்றங்கரையில் ஜப்பான் விழா, வாணவேடிக்கை உண்டாம். நம்ம ஊர் ஆட்கள் எல்லோரும் கிளம்பினார்கள், மருந்து என்ன கலர் என்ன என்று பார்க்கணுமாம். நான் போகவில்லை. செங்கமலப்பட்டி பட்டாசு ஆலை விபத்து நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

ஜூன் 2, ஞாயிறு

கழுத்து திரும்பவில்லை. தாடைக்குக் கீழே சிவப்பாக ஒரு தடம். இவுக பார்த்துவிட்டு, "தைலம் போடு." போடவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

இன்று மெஷின் பேச்சே இல்லை. ஓட்டு எண்ணிக்கை. விருதுநகரில் முன்னிலை மாறி மாறி, ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு ஹோட்டல் வரவேற்பறையில் கத்தல். கடைசியில் மாணிக்கம் தாகூர், 4,379 ஓட்டு வித்தியாசத்தில். எனக்கு எரிச்சல். எதற்கென்று தெரியாத எரிச்சல். கழுத்து பரவாயில்லை. தடம் மங்குகிறது. அதுவும் பிடிக்கவில்லை.

ஜூன் 5, புதன்

பில்கர் தெருவில் ஷூமன் குடியிருந்த வீட்டை வாசலில் நின்று பார்த்தேன். டீச்சர் சொன்னது மண்டைக்குள்ளேயே இருக்கிறது. வலது கை விரல் கெட்டுப்போய்ப் பியானோ வித்வான் ஆக முடியாமல் போனதாம். 1854-ல் இந்த ரைன் ஆற்றில் குதித்திருக்கிறார். காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் சில நாளில் மனநல மருத்துவமனைக்குப் போனவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. என் விரலுக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது. பத்தும்.

ஜூன் 9, ஞாயிறு. சிவகாசி

வெயில். வந்ததும் வராததுமாகப் பரணில் ஏறினேன். அத்தை கீழே நின்று கத்தல், "விழுந்து வைக்காத." பெட்டிக்குள் ரோசின் தூளாகிக் கிடக்கிறது. வில்லில் பாதி முடி இல்லை. வயலினில் விரிசல் இல்லை. அப்பா வாங்கித் தந்தது. மூடி வைத்துவிட்டேன். இந்த வயசில் எதற்கு.

ஜூன் 12, புதன்

மறுபடி எடுத்தேன். நின்றுகொண்டு, டீச்சர் மாதிரி, கண்ணாடி முன்னால். உழவன் வரவில்லை. உட்கார்ந்தேன். அதுவும் வரவில்லை. விரல் நுனி எரிகிறது. கழுத்து எரியவில்லை. பேரன் வந்து, "ஆச்சி, இது பூனையா?"

ஜூன் 13, வியாழன்

சரளி வரிசை. மாயாமாளவகௌளை. வாத்தியார் இருந்தால் குச்சியால் தட்டியிருப்பார். மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது மட்டும். தோடி பக்கம் போகவில்லை. பயம்.

ஜூன் 15, சனி

போனேன், தோடி பக்கம். ஒரு தரம் வந்தது. அடுத்த தரம் வரவில்லை. அதற்கடுத்து பஞ்சமத் தந்தி பட்டென்று அறுந்து கையில் அடித்துவிட்டது.

திங்கள்கிழமை பக்ரீத், பிரஸ் லீவு. எட்டயபுரம் போகலாமா என்று கேட்டேன். "அங்க என்ன, பாரதியார் வீடா?" முத்துசாமி தீட்சிதர் சமாதி என்றேன். 1835, தீபாவளி அன்றைக்குத்தான் காலமானார் என்றேன். தீபாவளி என்றதும் இவுக நிமிர்ந்து பார்த்தார்கள். அப்புறம், "ஆல்பம் வேலை கெடக்கு." ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளிவரணும், அதுவரைக்கும் இந்த வீட்டில் கார் நகராது. தந்தி வாங்க மதுரைக்கும் ஆள் போகாது.

சரி. செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானே மதுரை போகிறேன். தந்தி இரண்டு செட், ரோசின் ஒன்று. வில்லுக்கு முடி போடுகிறவர் இருக்கிறாரா என்றும் கேட்கணும்.