பூட்டும் தாழும்

இங்கிலாந்தில் நண்பரின் மோட்டார் இல்லத்திற்குக் கூடுதல் பூட்டுகள் பொருத்தியபோது உடனிருந்தோம். ஃபியட் டுகாட்டோ வேனின்மீது கட்டிய வீடு. ஓட்டுநர் பகுதியின் இரு கதவுகளையும் உட்புறம் சங்கிலியால் பிணைத்துப் பூட்டியாயிற்று. வாசற்கதவுக்குக் கைப்பிடிப் பூட்டு; ஏறுகையில் பற்றிக்கொள்ளலாம், இறங்கியபின் கதவின் குறுக்கே மடக்கிப் பூட்டலாம். சுவரோ மெல்லிய தகடுகளுக்கிடையே நுரை அடைத்தது. வெறும் திருகாணி அதில் நிற்காது. ஊடுருவத் துளையிட்டு, உட்புறம் உலோகத் தகடு கொடுத்து இறுக்கி, மழைநீர் இறங்காதபடி விளிம்பில் பசையிட்டார்.

நமக்கு உறுத்தியது வேறு. பூட்டு வெளியிலிருப்பவர் கையில். தாழ்ப்பாள் உள்ளிருப்பவர் கையில். விடியலில் நடக்கப் போகையில், உறங்கும் துணைவியாரை உள்ளே வைத்துப் பூட்டிச் செல்ல நண்பர் எண்ணியிருந்தார். கட்டிலருகே எரிவாயு அடுப்பு! உள்ளே ஆளிருக்கையில் வெளிப்பூட்டு வேண்டாம், சாவியின்றித் திறக்கும் உட்தாழே போதும் என்றோம். நண்பர் சிரித்தார். துணைவியார் சிரிக்கவில்லை, சங்கிலியின் சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.