தாத்தா பேருக்கு எத்தனை ஸ்பெல்லிங்?

1/ ஓபியில தினமும் கேட்கிற கேள்வி: "குடும்பத்துல யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கா?" ஆனா என் தாத்தா எதில் இறந்தார் என்பது போன வருஷம் வரை எனக்கே தெரியாது. அதைத் தேடின கதைதான் இந்த த்ரெட்.

2/ சொந்த ஊர் காஞ்சிபுரம் பக்கம் திருப்புட்குழி. தாத்தா பட்டு நெசவாளி. பேர் ஏழுமலைன்னு வச்சுக்குங்க. 1971ல இறந்தப்போ அப்பாவுக்கு எட்டு வயசு. "வாயு பிடிச்சு தறியிலயே சாஞ்சுட்டாரு" என்பார் ஆயா. இப்போ அப்பாவுக்கும் வேகமா நடந்தா நெஞ்சு இறுக்கம். "வெறும் கேஸுப்பா." டெஸ்ட்டுக்கு வரமாட்டார். வீட்டு டாக்டர் பேச்சை யார் கேட்பா!

3/ தாத்தாவின் இறப்புப் பதிவைத் தேடினேன். ரெண்டு தடவை "இந்தப் பேர்ல யாரும் இல்லீங்க". நமக்கு சர்நேம் கிடையாது, அப்பா பேரின் முதல் எழுத்துதான் இனிஷியல். அதிலும் பெரியப்பா சர்டிபிகேட்டில் இங்கிலீஷ் 'ஒய்', அப்பாவுக்கு 'இ'. ஏழுமலையை ஒரு வாத்தியார் ஒரு மாதிரி எழுத, இன்னொருவர் வேற மாதிரி. கூடப்பிறந்த அண்ணன் தம்பி, பேப்பரில் வேற வேற குடும்பம்.

4/ மூணாவது தடவை பேரை விட்டுட்டு ஊர், வருஷம், தகப்பனார் பேர் வச்சு வரி வரியா பார்த்தோம். கிடைத்தது: "எளுமலை, த/பெ விசயராகவன், திருப்புக்குழி." கொள்ளுத்தாத்தாவுக்கு எங்க ஊர் விஜயராகவப் பெருமாள் பேர். ஊர்ப் பேரையும் வாயில் வருகிறபடியே எழுதியிருக்காங்க.

5/ வயது 43. காரணம்: மார்வலி.

6/ தேடுபவர்களுக்கு:
• ழ, ள, ல மாத்திப் பாருங்க. ஜ இருந்தால் ச.
• பழைய இங்கிலீஷ் பதிவில் காஞ்சிபுரம் 'கான்ஜீவரம்', செங்கல்பட்டு 'சிங்கிள்புட்'.
• 1860 முதல் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறியவர்களின் வாரிசுகளிடம் முதலி 'மூட்லி', கவுண்டர் 'கோவெண்டர்' ஆகியிருக்கும்.
• பேர் மட்டும் ஒத்துப்போனால் நம்பாதீங்க. தகப்பனார் பேர், ஊர், வயசு மூணும் பொருந்தணும்.

7/ பதிவேட்டு நகலை அப்பா கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "நாப்பத்து மூணுதானா?" என்றார். மறுநாள் அவரே கிளம்பி வந்தார். ஒரு ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வச்சாச்சு, இப்போ நல்லா இருக்கார்.

8/ பெற்றோர், கூடப்பிறந்தவர்களில் ஆணுக்கு 55, பெண்ணுக்கு 65 வயசுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் உங்க டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்க. "வாயு"ன்னு சொன்ன சாவு எதுவும் வீட்டில் இருந்தால், அதையும்.