கொல்லர் தெருவில் வாள் விற்றவனின் நன்றி மடல்

ஸ்கைரிம் நாட்டுக் கொல்லர் பெருமக்கள் அனைவருக்கும்,



உங்கள் நாட்டுக்குள் நான் முதன்முதலில் காலடி வைத்தபோது என் கைகள் கட்டப்பட்டிருந்தன. ஹெல்கன் ஊரில் தலையை வெட்டுமேடையில் வைத்துவிட்டார்கள். அந்த நொடியில் டிராகன் வந்து ஊரைக் கொளுத்தியது, நான் பிழைத்தேன். 2011 நவம்பர் 11 அன்று பெதஸ்டா நிறுவனத்தின் 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 5: ஸ்கைரிம்' வெளியான நாள்முதல் அதை ஆடத் தொடங்கிய ஒவ்வொருவருக்கும் இதுதான் முதல் காட்சி. அதன்பின் ஆளுக்கொரு பாதை. என் பாதை முழுக்க உங்கள் பட்டறை வாசல்களைத் தொட்டுத் தொட்டே போயிருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

அந்த நாட்டில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் பெரிய பெரிய வேலைகளையே சொன்னார்கள். டிராகனைக் கொல் என்றார் ஒருவர். மலையுச்சிக்கு ஏறி வா என்று கூப்பிட்டார்கள் துறவிகள். உள்நாட்டுப் போரில் எங்கள் பக்கம் நில் என்றன இரண்டு படைகளும். ரிவர்வுட் கிராமத்தில் ஆல்வர் ஐயா, நீங்கள் மட்டும் ஒரு குறுவாள் செய்து பழகு என்றீர்கள். உலகத்தைக் காப்பாற்றச் சொல்லாமல் ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளச் சொன்ன முதல் மனிதர் நீங்கள்தான்.

அந்தக் காலைப்பொழுது இன்றும் நினைவில் இருக்கிறது. ஆற்றின் ஓசை ஒரு பக்கம், மரம் அறுக்கும் ஆலை இன்னொரு பக்கம். உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் உலை கனன்றுகொண்டிருந்தது. ஓர் இரும்புக் கட்டி, ஒரு தோல் வார், இவ்வளவுதான் சரக்கு. பட்டடைக்கல்லில் சுத்தியல் விழும் ஓசை நின்றதும் குறுவாள் என் பையில் இருந்தது. அதோடு விடவில்லை நீங்கள். சாணைக்குப் போ என்றீர்கள். சாணைக்கல் சுழன்று பொறி பறந்தது. முடித்துப் பார்த்தால், வாளின் பெயருக்குப் பக்கத்தில் 'நேர்த்தி' என்று பொருள்படும் ஒரு சொல் புதிதாக ஒட்டியிருந்தது. பிறகு தோல் பதனிடும் சட்டம், தோல் தொப்பி, அதைச் செப்பனிட வேலைமேசை. எந்த வேலைக்கு எந்த இடம் என்பது அந்தச் சிறிய முற்றத்தைச் சுற்றி வந்ததிலேயே விளங்கிவிட்டது. பக்கத்தில் உங்கள் மகள் டோர்தி, அப்பாவைப் போலத் தானும் இதே தொழிலுக்கு வரப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தொழில் ஒரு வீட்டுக்குள் எப்படிக் கைமாறுகிறது என்பதையும் அங்கேதான் பார்த்தேன்.

இந்தத் தொடரின் முந்தைய ஆட்டங்களை ஆடியவர்களுக்கு இதன் அருமை கூடுதலாகத் தெரியும். 2002இல் வந்த 'மாரோவிண்ட்', 2006இல் வந்த 'ஆப்ளிவியன்' இரண்டிலும் ஆயுதங்கள் தேய்ந்துகொண்டே போகும். பழுதுபார்க்கும் சுத்தியல்களைப் பையில் சுமந்து திரிவோம், அல்லது கொல்லரிடம் காசு கொடுத்துச் சரிசெய்வோம். ஸ்கைரிமில் அந்தத் தேய்மானத்தையே எடுத்துவிட்டார்கள். அதற்கு ஈடாகக் கொல்லுத்தொழிலை, நாமே கற்றுத் தேற வேண்டிய 18 திறன்களில் ஒன்றாக வைத்தார்கள். அந்த மாற்றத்தின் பலனை அனுபவித்தவன் நான்.

வைட்ரன் நகரத்து அட்ரியேன் அக்கா, அடுத்த நன்றி உங்களுக்கு. கோட்டைக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும் வலப்பக்கத்தில் முதலில் தெரிவது உங்கள் 'வார்மெய்டன்ஸ்' கடைதான். புதிதாக வருகிறவர் யாரும் வழி கேட்டு அலைய வேண்டியதில்லை. புகையைப் பார்த்தாலே போதும். நான் வந்த நேரத்தில் செல்வாக்குள்ள குடும்பத்து ஆள் ஒருவர் பேரரசின் படைக்கு நிறைய வாள்கள் வேண்டும், எவ்வளவு கேட்டாலும் தருகிறோம் என்று உங்களிடம் பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய வேலையைத் தனியாக முடிக்க என்னால் ஆகாது, இயோர்லண்டிடம் போய்க் கேளுங்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். இத்தனைக்கும் அந்தக் குடும்பத்துக்கும் இயோர்லண்டின் குடும்பத்துக்கும் கடும் பகை. வந்த காசை விட்டுக்கொடுத்துத் தன் அளவை வெளிப்படையாகச் சொல்லும் ஒரு தொழிலாளியின் சொல், அந்த நகரத்தில் நான் கேட்ட முதல் உரையாடல். இந்த ஊரின் சிறந்த கொல்லர் நான் இல்லை, அந்தப் பெருமை இயோர்லண்டுக்கே என்று என்னிடமும் சொன்னீர்கள். உங்கள் தந்தை ஆட்சியாளரின் அரண்மனையில் நிர்வாகி. ஆட்சியாளருக்காக உங்கள் கையால் அடித்த வாளை அந்தத் தந்தையிடம் சேர்ப்பிக்க என்னிடம் கொடுத்தனுப்பினீர்கள். அந்த வாளைச் சுமந்துகொண்டு படியேறியதில் எனக்குப் பெருமை.

ஒரு நள்ளிரவையும் சொல்ல வேண்டும். கொள்ளையர் குகை ஒன்றைக் காலிசெய்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். தொடக்கத்தில் சுமக்கக்கூடிய எடை 300. இரும்புக் கவசம் ஒன்றே 30, போர்ச் சம்மட்டி ஒன்று 24. ஆசை யாரை விட்டது? 300 தாண்டியதும் ஓட்டம் நின்றுபோகும், விரைவுப் பயணமும் கிடையாது. ஒவ்வோர் அடியாக நடந்து வைட்ரன் வந்து சேர்ந்தபோது உங்கள் கதவு பூட்டியிருந்தது. காலை எட்டு மணிக்குத் திறந்து இரவு எட்டுக்கு அடைக்கும் கடை. உலையோரம் நின்று விடியும்வரை காத்திருந்தேன். காலையில் கடை திறந்ததும் வாள், கேடயம், கவசம் என்று சுமையை இறக்கினேன். கொல்லர் தெருவில் ஊசி விற்காதே என்பார்கள் எங்கள் ஊரில். உங்கள் தெருவில் நான் வருடக்கணக்காக வாளே விற்றிருக்கிறேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை நீங்கள்.

அந்த வியாபாரம் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது. பேச்சுத்திறன் வளராத காலத்தில், ஒரு பொருளின் மதிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும். ஆயுதம், கவசம், தாது, உலோகக் கட்டி, விலங்குத் தோல் இவற்றை நீங்கள் வாங்குவீர்கள். மருந்தையும் மாணிக்கத்தையும் நீட்டினால் வேண்டாம் என்பீர்கள். நகரத்துக் கொல்லரின் பெட்டியில் ஆயிரம் பொற்காசு அளவில் இருக்கும். தீர்ந்தால் ஆட்டக் கணக்கில் 48 மணி நேரம் கழித்து மீண்டும் நிரம்பும். ஆகவே ஒருவரிடமே எல்லாவற்றையும் கொட்டாமல் வைட்ரன், ரிஃப்டன், விண்ட்ஹெல்ம் என்று சுற்றி வரப் பழகினேன். மோர்தலிலும் விண்டர்ஹோல்டிலும் உங்கள் ஆட்கள் இல்லை. அந்தப் பக்கம் போகும்போது பையைக் காலியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பேச்சுத்திறன் 70ஐத் தொட்டபின், கடையில் 500 பொற்காசு முதலீடு செய்யும் வழி திறந்தது. வாங்கியே பழகிய கை அன்று முதல்முறையாக உங்களுக்குக் கொடுத்தது.

மார்கார்த்தின் கோர்ஸா அம்மா, குப்பையின் மதிப்பை எனக்கு உணர்த்தியது உங்கள் கல்நகரம்தான். மறைந்துபோன ட்வெமர் இனத்தாரின் இடிபாடுகளில் கிடக்கும் உலோகத் துண்டுகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். 25 எடையுள்ள கனமான திண்ம உலோகத்தை மூச்சுவாங்கத் தூக்கிவந்தேன். சூளையில் உருக்கினால் 5 கட்டிகள். பக்கத்தில் கிடந்த வளைந்த சிறு துண்டின் எடையோ வெறும் 2. அதை உருக்கினால் 3 கட்டிகள்! கனத்தைப் பார்த்து மதிப்பிட்டவனுக்கு அன்று கண் திறந்தது. உங்கள் பயிற்சியாள் தசிட்டஸை வேலையில் நீங்கள் கடிந்துகொள்வதையும் கேட்டிருக்கிறேன். அதே நீங்கள்தான், அவன் படித்துத் தேற வேண்டும் என்று ஒரு நூலைத் தேடித்தரச் சொன்னீர்கள். கொண்டுவந்து கொடுத்ததற்குக் கைம்மாறாக எனக்கும் தொழில் நுணுக்கம் சொன்னீர்கள். கடுமைக்குள் அக்கறை வைத்திருக்கும் ஆசான்களை நேரில் கண்டவர்களுக்கு உங்கள் குரல் அந்நியமாக இராது.

ரிஃப்டனின் பாலிமண்ட் அண்ணா, உங்கள் உலையின் தீக்கு ரகசியம் அக்கினி உப்பு. பத்து உப்புக் கட்டிகள் கேட்டீர்கள். அதைத் தேடி நெருப்புருவங்களோடு சண்டையிட்ட பிறகுதான், நல்ல எஃகுக்கு இரும்பைப் போலவே தீயும் முக்கியம் என்பது எனக்கு உறைத்தது. டான்ஸ்டாரின் ரஸ்ட்லீஃப் அண்ணா, பிறக்கப்போகும் குழந்தைக்காக, உங்கள் மனைவியின் நாட்டு வரலாறு சொல்லும் புத்தகம் ஒன்று கேட்டீர்கள். தாய்வழி மண்ணைக் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டும் என்ற அந்த ஆசை, பனி கொட்டும் அந்தச் சின்னத் துறைமுகத்தை எனக்கு நெருக்கமாக்கியது.

இயோர்லண்ட் பெரியவரே, உங்களுக்கு நன்றி சொல்லச் சொல் போதவில்லை. சிறகு விரித்த பெரிய கற்பறவையின் அடியில், நகரத்துக்கு மேலே நிற்கிறது உங்கள் ஸ்கைஃபோர்ஜ். நாடே கொண்டாடும் எஃகு அங்கிருந்து வருகிறது. ஆனால் உங்கள் மகன் தோரால்ட் போரில் காணாமல் போனவன். ஊர் அவன் செத்துவிட்டான் என்றது. நீங்களும் உங்கள் மனைவி ஃப்ரேலியாவும் நம்பவில்லை. அந்தத் துயரத்தோடுதான் தினமும் சுத்தியலைத் தூக்கினீர்கள். வடக்குக் கோட்டைச் சிறையில் அவனை உயிரோடு கண்டு விடுவித்த அன்று, உங்களிடம் பட்டிருந்த கடனில் ஒரு துளி தீர்ந்ததாக எண்ணிக்கொண்டேன். கொல்லுத்தொழிலில் 90ஆம் படிவரை பயிற்சி தரவல்ல உங்களிடம் காசு கொடுத்துக் கற்றேன். கற்றதின் விலை அந்தக் காசில் அடங்காது.

இனி ஓர் இரவு. 2012இல் 'டான்கார்ட்' என்ற இணைப்பு வந்தபின், இருட்டில் ரத்தக்காட்டேரிகள் ஊருக்குள் புகுவது வழக்கமானது. ஒருமுறை வைட்ரன் வாசலில் சண்டை நடந்தது. முடிந்ததும் பார்த்தால், உலைக்கு எதிரே அட்ரியேன் அக்கா விழுந்து கிடந்தீர்கள். உள்ளே உங்கள் கணவர் உல்ஃபெர்த் வியாபாரத்தைத் தொடர்ந்தார். வாங்கவும் விற்கவும் எந்தத் தடையும் இல்லை. ஆனால் காலையில் அந்த வழியாக நடந்தபோது பட்டடைக்கல் சும்மா கிடந்தது. சுத்தியல் ஓசை இல்லாத அந்த வாசலை என்னால் கடக்க முடியவில்லை. முன்பு சேமித்துவைத்த ஆட்டத்துக்குத் திரும்பினேன். மூன்று மணி நேர ஆட்டம் அழிந்தது, அதற்கு வருந்தவில்லை. இந்த முறை சண்டை தொடங்கியதும் ஓடிவந்து உங்கள் முன்னால் நின்றேன். விடிந்ததும் நீங்கள் வழக்கம்போல உலைக்கு வந்தீர்கள்.

வாங்க, விற்க என்று ஒரு பட்டியலைத் திரையில் காட்டியிருந்தாலே ஆட்டத்துக்குப் போதுமாக இருந்திருக்கும். அந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு வீட்டையும், துணையையும், பிள்ளையையும், ஒரு கவலையையும், வேலை நேரத்தையும் வைத்த கலைஞர்களுக்கு இந்த மடலின் ஒரு படி போய்ச் சேரட்டும். கடைக்காரரை மனிதராகப் பார்க்கும் பழக்கத்தை ஒரு விளையாட்டு எனக்குள் வளர்த்தது என்றால் அது அவர்கள் இட்ட உழைப்பு.

இதைப் படிக்கும் புது ஆட்டக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஹெல்கனில் இருந்து தப்பியதும் நேரே ரிவர்வுட்டுக்குப் போங்கள். ஆல்வர் சொல்லும் வேலைகளை அவசரப்படாமல், வரிசை மாற்றாமல் செய்யுங்கள். தாது உருக்கும் சூளை அங்கே இல்லை, அதற்கு வைட்ரன் போக வேண்டும், அட்ரியேன் கடைப் பக்கத்திலேயே இருக்கிறது. விற்க வரும்போது பகலில் வாருங்கள். பட்டியலைத் திறக்குமுன் ஒரு நிமிடம் நின்று அவர்கள் வேலை செய்வதைப் பாருங்கள். முதன்முதலில் நீங்களே அடித்த அந்தக் குறுவாளை மட்டும் யாரிடமும் விற்காதீர்கள். அதன் விலை பத்துப் பொற்காசுதான். என்னுடையது வைட்ரன் வீட்டுப் பெட்டியில் இன்றும் இருக்கிறது.


உங்கள் பழைய வாடிக்கையாளன்