அறுபது ஆம்ப் டைனமோவும் நாலு ஸ்கொயர் ஒயரும்

எங்க மாமாவோட ஜீப்பை நான் கிட்டத்தட்ட எரிச்சிட்டேன். அதைச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பதுதான் நியாயம். இ.இ.இ. மூணாவது வருஷம் படிக்கிற, மெஷின்ஸ் பேப்பரில் நல்ல மார்க் வாங்கின ஒருத்தன் செய்த வேலை இது. நீங்களும் லீவுக்குப் போனால் வீட்டு வண்டியில் கை வைக்கிற ஆள் என்றால், கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

மாமா இருப்பது போடியில். விடியும் முன்னாலேயே ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கம் இறக்கிவிடுவார். சாயங்காலம் அதே ஆட்களைக் கூட்டி வருவார். வண்டி, என்னைவிட வயதில் மூத்த மஹிந்திரா டீசல் ஜீப். மழைக்காலத்தில் அந்த மலை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். மேகம் ரோட்டிலேயே படுத்துக் கிடக்கும்.

அதனால் மாமா வருஷா வருஷம் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே வந்தார். ஹெட்லைட்டில் 100/90 பல்பு. (அது ரூல்படி சரியா என்று கேட்காதீங்க.) கீழே ரெண்டு மஞ்சள் ஃபாக் லைட், 55 வாட். டிம்மில் ஹெட்லைட்டுக்கு 15 ஆம்ப், ஃபாக் லைட்டுக்கு 9, வைப்பர், டெயில் லைட் வகையறாவுக்கு ஒரு 9, பாட்டு செட்டுக்கும் எட்டுப் பேர் போன் சார்ஜருக்கும் ஒரு 6. ஆக மொத்தம் 40 ஆம்ப் பக்கம். வண்டியில் இருந்த ஆல்டர்னேட்டர் 35 ஆம்ப். அதுவும் நல்ல வேகத்தில் சுற்றினால்தான். ஆல்டர்னேட்டர் மேல் எழுதியிருக்கும் ஆம்ப் எல்லாம் அதன் ஷாஃப்ட் 6000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது வருவது. முதல் கியரில் மலை ஏறும் ஜீப்பில் பாதி வந்தாலே பெரிய விஷயம்.

"வெளிச்சம் செத்துச் செத்து வருது மாப்ள. பேட்டரியும் வருஷத்துக்கு ஒண்ணு போகுது. நீ படிக்கிற படிப்புதானே, என்னன்னு பாரு."

பார்த்தேன். பழைய சாமான் கடையில் 60 ஆம்ப் ஆல்டர்னேட்டர் ஒன்று கிடைத்தது. பிராக்கெட்டில் ஒரு வாஷர் சேர்த்ததும் உட்கார்ந்துவிட்டது. பழைய ஒயரை அப்படியே கழற்றிப் புதுசில் மாட்டினேன். வீட்டு வாசலில் ஐடிலில் ஓடவிட்டு, எல்லா லைட்டையும் போட்டு, ஒயரைத் தொட்டுப் பார்த்தேன். லேசான சூடு, அவ்வளவுதான். மாமா தெருவே கேட்கிற மாதிரி, "எங்க மாப்ள பண்ணது" என்றார்.

நான் பார்க்காமல் விட்டது அந்த ஒயர் போகிற வழியை. புது கார்களில் ஆல்டர்னேட்டரிலிருந்து ஒரு தடித்த கேபிள் நேராக பேட்டரி பக்கம் போய்விடும். இந்தப் பழைய ஜீப்பில் அப்படி இல்லை. டேஷ்போர்டில் அம்மீட்டர் ஒன்று இருக்கும். சார்ஜ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று முள் காட்டும். முள் காட்ட வேண்டுமென்றால் கரண்ட் அது வழியாகப் போக வேண்டுமே. அதனால் ஆல்டர்னேட்டரில் கிளம்பும் ஒயர் ஃபயர்வாலைத் தாண்டி டிரைவர் முழங்காலுக்கு மேலே வந்து, அம்மீட்டரில் ஏறி இறங்கி, திரும்ப பானெட்டுக்குள் போய் பேட்டரியைச் சேரும். மொத்தம் 4 மீட்டர். நாலு ஸ்கொயர் ஒயர். நடுவில் ஒரு ஃப்யூஸ்கூட கிடையாது.

கணக்கு ரொம்பச் சின்னது. 4 சதுர மி.மீ. தாமிரத்தில் மீட்டருக்குச் சுமார் 4.3 மில்லி ஓம். 4 மீட்டருக்கு 17. 30 ஆம்ப் போனால் அரை வோல்ட் இழப்பு, 15 வாட் சூடு. 60 ஆம்ப் போனால் ஒரு வோல்ட் இழப்பு, 60 வாட்டுக்கு மேல் சூடு. கரண்ட் ரெண்டு மடங்கு, சூடு நாலு மடங்கு. I ஸ்கொயர் R. இதைப் பரீட்சையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்!

மூணாவது நாள் சாயங்காலம், நான் பின் சீட்டில். கிளம்பும் முன் மாமா அரை மணி நேரம் பாட்டு போட்டு உட்கார்ந்திருந்ததில் பேட்டரி இறங்கியிருந்தது. இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் ரெண்டாவது கியரில் வண்டியைப் பிடித்து இறக்குவது மாமா வழக்கம். எஞ்சின் அலறிக்கொண்டு வரும். ஆல்டர்னேட்டருக்கு அன்றைக்குத்தான் முழு வேகம் கிடைத்தது. லைட்டுக்கு 40, பசியில் இருந்த பேட்டரிக்கு 20. என் வாசல் சோதனையில் இது எப்படி வந்திருக்கும்?

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பாட்டிதான் முதலில் சொன்னார். "ஏப்பா, என்னமோ கருகுற வாசம் வருது."

மாமா ஓரம் கட்டுவதற்குள் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் நின்றது. புகை நிற்கவில்லை. ஒயரின் ஒரு முனை பேட்டரியில்தானே இருக்கிறது? உருகின இடம் பாடியைத் தொட்டால் அத்தனை ஆம்பும் அதன் வழியேதான். பனியில் எட்டுப் பெண்கள் ரோட்டோரம் இறங்கி நிற்க, மாமா பானெட்டைத் திறந்து 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரி டெர்மினலைக் கழற்றினார். நான் டார்ச் பிடித்தேன். கை நடுங்கியதில் வெளிச்சம் எங்கெங்கோ போனது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஜீப் ரெண்டு நாள் நின்றது. அந்த ரெண்டு நாளும் எட்டுப் பேருக்கும் வேலை இல்லை, கூலியும் இல்லை. பாதிப் பேருக்கு வேறு வண்டியில் இடம் கிடைக்கும் என்று நான் நினைத்திருந்தேன். கிடைக்கவில்லை.

தேனியிலிருந்து வந்த எலக்ட்ரீசியன் அண்ணன் அம்மீட்டரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். பின்னால் இருந்த நட்டு கருத்து, ஒயர் முனை பச்சைப் பிடித்திருந்தது. "இங்கதான் தம்பி முதல்ல பத்தியிருக்கு. லூஸ் கான்டாக்ட். முப்பது ஆம்ப் வரைக்கும் தாங்கிக்கிட்டு இருந்துச்சு. டைனமோவை மாத்துன நீங்க ரோட்டை மாத்தலையே?"

ரோட்டை மாற்றினோம். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராக ஒன்றரை மீட்டர், 16 ஸ்கொயர் கேபிள், லக்கை அழுத்தி, மேலே ஸ்லீவ். பேட்டரியை ஒட்டி 80 ஆம்ப் ஃப்யூஸ். எங்கேயாவது உரசினால் கொட்டப்போவது பேட்டரி கரண்ட் என்பதால் அது பேட்டரி பக்கம்தான் இருக்க வேண்டும். ஹெட்லைட்டுக்கும் ஃபாக் லைட்டுக்கும் தனி ரிலே. டேஷ்போர்டு ஸ்விட்ச் இனி ரிலேயை இழுத்தால் போதும். டேஷ்போர்டுக்குப் போகிற ஒயருக்குத் தனி ஃப்யூஸ். பிறகு எல்லாரும் மறக்கிற எர்த்: எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் துருப்பிடித்த பட்டையை மாற்றினோம். சார்ஜ் வார்னிங் பல்பை எல்.இ.டி. ஆக்கலாமா என்று கேட்டு அண்ணனிடம் இன்னொரு திட்டும் வாங்கினேன். அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகிற கரண்ட்தான் ஆல்டர்னேட்டர் ஃபீல்டை முதலில் எழுப்பிவிடுகிறது. எல்.இ.டி. விடும் கரண்ட் அதற்குப் பத்தாமல் போகலாம்.

நீங்கள் செய்வதாக இருந்தால் இந்த ஒரு டெஸ்டை மட்டும் விடாதீங்க. எல்லா லோடும் போட்டு, எஞ்சினை 2000 ஆர்.பி.எம்.மில் பிடிக்கச் சொல்லி, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் பி பிளஸ்ஸிலும் மறு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்க. எங்களுக்கு வந்தது 0.12 வோல்ட். அதேபோல ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும்: 0.05. மல்டிமீட்டர் என் பையில் முதல் நாளிலிருந்தே இருந்தது.

பெல்ட் மட்டும் மழைநாள் காலையில் கொஞ்சம் கத்துகிறது. முழு லோடில் ரெண்டு குதிரைச் சக்தி கேட்கும் சாமானை அந்த ஒற்றை வி-பெல்ட் இழுக்கிறது, கத்தட்டும்.

அம்மீட்டர் இருந்த ஓட்டையில் இப்போது வோல்ட் மீட்டர். 14-க்குப் பக்கத்தில் நிற்கிறது. "இது ஏன்டா ஆடவே மாட்டேங்குது?" என்று மாமா போனில் கேட்டார். பாட்டி இன்னும் அதே முன் சீட்டுதான். ஏறியதும் டேஷ்போர்டுப் பக்கம் குனிந்து ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறாராம்.