வாழைப்பழக் கூழ்

நான் ஆறாம் வகுப்பை முடித்திருந்த கோடை விடுமுறை அது. தில்லியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியிருந்தது. பழனிக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரிலிருந்து அப்பத்தா வந்திருந்தார். பல்வலி முற்றியதால் மருத்துவர் அவருடைய முன்பற்கள் இரண்டைப் பிடுங்கிவிட்டார். சில நாள்களுக்கு மென்மையான உணவையே உண்ண வேண்டும் என்றும், உறிஞ்சுகுழலால் எதையும் பருகக் கூடாது என்றும் கூறியிருந்தார்.

அப்பாவும் அம்மாவும் அலுவலகம் சென்றபின் வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே இருப்போம். அப்பத்தாவுக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. நானோ தமிழில் பேசுவதையே நிறுத்தியிருந்தேன். அதற்குக் காரணம் உண்டு. முந்தைய ஆண்டு ஊருக்குச் சென்றபோது கடையில், “வாலப்பலம் வேண்டும்” என்று கேட்டுவிட்டேன். உடனிருந்த என் பெரியப்பா பிள்ளைகள் விடுமுறை முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தனர்.

அன்று நண்பகலில் அப்பத்தா சோறு உண்ண இயலாமல் தட்டை நகர்த்திவைத்தார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. சமையலறையில் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழங்கள் கிடந்தன. அழுகிவிட்டன என்று எண்ணி எறியப் போனேன். அப்பத்தா தடுத்தார். “புள்ளி விழுந்த பழம்தான் கண்ணு இனிக்கும்” என்றார். காய் கனியும்போது மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது என்பதைப் பின்னாளில் அறிவியல் பாடத்தில் படித்தேன்.

இரண்டு பழங்களைத் துண்டுகளாக்கி மிக்சியில் இட்டேன். கொட்டை நீக்கி ஊறவைத்த இரண்டு பேரீச்சம்பழங்களையும், காய்ச்சி ஆறவைத்த பால் ஒரு குவளையையும், ஏலக்காய்ப் பொடி ஒரு சிட்டிகையும் சேர்த்தேன். மூடியை அழுத்திப் பிடிக்காமல் பொத்தானைத் திருப்பினேன். மறுகணம் சுவரெல்லாம் பால்! நான் திகைத்து நின்றேன். அப்பத்தா வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நானும் சிரித்தேன். மின்இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சுவரைத் துடைத்தேன். பின்னர் மூடியைக் கையால் அழுத்தியபடி மீண்டும் அரைத்தேன்.

கரண்டியால் ஒரு வாய் உண்ட அப்பத்தா, “இதற்குப் பெயர் என்ன?” என்று கேட்டார்.

“ஸ்மூத்தி.”

“தமிழில்?”

தயங்கியபடி, “பலச்சாறு” என்றேன்.

“சாறு என்பது பிழிந்து வடித்தது. இதில் பழம் சக்கையோடு முழுவதும் இருக்கிறதே! கம்பங்கூழைப் போலக் கெட்டியாகவும் இருக்கிறது. இது வாழைப்பழக் கூழ்.”

ஒரே பெயரில் மூன்று ழகரங்கள்! “எனக்கு வராது அப்பத்தா. எல்லாரும் சிரிப்பார்கள்” என்றேன்.

“பல் போனபின் எனக்கும்தான் பாதிச் சொற்கள் காற்றாகப் போகின்றன. நீ சிரித்தாயா?” என்று கேட்டார் அவர். “நாக்கின் நுனியை உள்ளே வளை. அண்ணத்தில் அழுத்தாதே. இப்போது சொல்.”

சொன்னேன். மூன்றில் ஒன்றுதான் சரியாக வந்தது.

அன்றிலிருந்து நாள்தோறும் கூழும் பேச்சும் தொடர்ந்தன. மலைவாழை, நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் ஆகியவை சேரும் பழனிப் பஞ்சாமிர்தத்தைப் பற்றி அவர் கூறினார். “அதில் ஒரு சொட்டு நீரும் சேர்ப்பதில்லை; அதனால் கெடாமல் நிற்கும். உன் கூழில் பால் இருக்கிறது, உடனே உண்டுவிட வேண்டும்” என்றார். அந்தப் பஞ்சாமிர்தம் 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றபோது, அப்பத்தாவின் குரலே என் நினைவுக்கு வந்தது.

அவர் ஊர் திரும்பிய மறுவாரம் தொலைபேசி ஒலித்தது. பேசியவன் அன்று என்னைப் பார்த்துச் சிரித்த அண்ணன். “அப்பத்தா உன் கூழைக் கேட்கிறார். எப்படிச் செய்வது?” என்றான். “இரண்டு வாழைப்பழம் எடுத்துக்கொள்” என்று தொடங்கினேன். இடையில் ஒரு ழகரம் நழுவியிருக்கலாம். அவன் சிரிக்கவில்லை.

“பால் எவ்வளவு?” என்று கேட்டான்.

சிந்தித்து விடையளிக்க:
1. கட்டுரையாளர் தமிழில் பேசுவதை நிறுத்தியது ஏன்?
2. சாறு, கூழ் ஆகியவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு யாது?
3. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஓர் உணவின் செய்முறையைக் கேட்டுத் தமிழில் எழுதுக.