தனித்தேர்வர்

'தனித்தேர்வர்' என்ற சொல்லை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். உள்பக்கத்தில் ஒரு சிறு கட்டத்துக்குள், இன்ன தேதிக்குள் இணையவழி விண்ணப்பிக்கலாம் என்ற அறிவிப்பாக அது வரும். தேர்வு முடிவு நாளன்று முதல் பக்கத்தை நிறைக்கும் மாவட்டவாரிப் பட்டியலில் அவர்களைக் காண முடியாது. பேச்சுவழக்கில் 'பிரைவேட்டா எழுதுறது' என்போம். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு சிறு இளக்காரம் ஒட்டிக்கொள்கிறது. பரீட்சையில் தவறி விழுந்தவர்களுக்கென்று வைத்த கொல்லைப்புற வாசல் என்பதுபோல.

இலக்கிய நண்பர்கள் கூடும் இடங்களில் தாமாகக் கற்றவர்களின் பெருமைக்குக் குறைவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற ஜெயகாந்தன், மூன்றாம் வகுப்போடு நின்ற ம.பொ.சி. என்று தொடங்கும் வரிசை நமக்கு மனப்பாடம். எனக்கும் அந்த வரிசை பிடிக்கும். ஆனால் ஒரு படைப்பாளி தன் மனம் இழுத்த பக்கம் படித்துக்கொண்டு போவதும், பதினாறு வயதுப் பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத் தானே படிப்பதும் ஒன்றாகிவிடா. பின்னதில் பாடத்திட்டம், தேதி, மூன்று மணி நேரக் கெடு எல்லாம் பிறர் வகுத்தவை. படிக்கும் பொறுப்பு மட்டும் பிள்ளையுடையது. எங்கள் தெருவில் ஒரு பெண் இதைச் செய்து முடித்ததை அருகிலிருந்து பார்த்தேன் என்பதால் எழுதத் தோன்றியது.

வெளியூர் நண்பர்களுக்கு அவனியாபுரம் என்றால் தை முதல் நாள் ஜல்லிக்கட்டுதான். மற்ற நாள்களில் அது மதுரையின் தெற்கு விளிம்பில், விமான நிலையம் போகும் வழியில், 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த ஒரு பழைய ஊர். எங்கள் பக்கத்துத் தெருக்களில் பல வீடுகளில் பெண்கள் பூக் கட்டுகிறார்கள். காலையில் உதிரிப்பூ எடை போட்டு வரும். மாலைக்குள் கட்டி முடித்துவிட வேண்டும். மல்லிகை மொட்டு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நான் சொல்லும் பெண்ணின் தாய்க்கு உடம்புக்கு முடியாமல் போனபோது அந்த வேலை இவள் கைக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள். பத்துக்குப் போகவில்லை.

ஓராண்டு கழித்து, 2023 கோடையில், ஒரு நாள் வாசலில் நின்று, "அக்கா, பள்ளிக்கொடம் போகாம பத்து எழுதலாமாமே, நெசமா?" என்று கேட்டாள். நான் ஆசிரியை அல்லள், கணக்கெழுதிப் பிழைப்பவள். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

விசாரித்ததில் தெரிந்தது இது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் பதினான்கரை வயதும் இருந்தால் நேரடியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஆனால் நாளிதழ்க் கட்டத்தில் வரும் தேர்வு விண்ணப்பத் தேதியை மட்டும் நம்பி இருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அறிவியலில் நூற்றுக்கு 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 25 செய்முறை. அந்தச் செய்முறைக்குப் பல மாதங்கள் முன்பே தனியாகப் பெயர் பதிந்து, ஒதுக்கப்படும் பள்ளியில் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். வருகை 80 விழுக்காடு இருக்க வேண்டும். பதிவை விட்டால் அந்த ஆண்டே போயிற்று. பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. அதன் சார்பில் பள்ளியே எல்லாத் தேதிகளையும் நினைவில் வைத்திருக்கும். தனித்தேர்வருக்கு நினைவும் தானே.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்று ஒன்று 1989 முதல் இருக்கிறது. அதில் ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டுகளில் ஒன்பது முறை எழுத வாய்ப்பு. முடிந்த பாடத்தை முடித்துக்கொண்டே போகலாம். வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நல்ல ஏற்பாடு. இவளுக்கு மாநிலப் பாடமே போதும் என்று தோன்றிவிட்டது. காரணம் எளியது: தெருவில் எல்லாப் பிள்ளைகளிடமும் அந்தப் புத்தகம்தான் இருக்கிறது, சந்தேகம் என்றால் கதவைத் தட்டலாம்.

புத்தகத்துக்கு இன்று பஞ்சமில்லை. பாடநூல்கள் இலவசமாகவே இணையத்தில் கிடைக்கின்றன. பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் க்யூஆர் கோடைத் தொலைபேசியில் காட்டினால் பாடம் ஓடுகிறது. 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி வேறு. ஒரு தலைமுறைக்கு முன் புதுமண்டபத்துக் கடைகளில் நோட்ஸ் தேடி அலைந்தவர்களுக்கு இது கனவுபோல இருக்கும். ஆனால் அவளுக்குக் கிடைக்காமல் போனவை வேறு இரண்டு.

முதலாவது, நேரம். இரவு எட்டு மணிக்குப் புத்தகத்தைப் பிரித்தால், "சும்மாதான ஒக்காந்திருக்க, அந்தப் பால எறக்கு" என்று குரல் வரும். அந்தத் தாய் கொடுமைக்காரி அல்லர். மகள் படிக்க வேண்டும் என்று கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர். ஆனால் வீட்டில் உட்கார்ந்து படிப்பது வேலையாக அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. சீருடை போட்டுக்கொண்டு பை தூக்கிக்கொண்டு தெருமுனை தாண்டினால்தான் அது படிப்பு. பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்குத் தரும் கொடைகளில் இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நாளில் ஏழு மணி நேரம், "பால் எறக்கு" என்று யாரும் சொல்ல முடியாத ஓர் இடத்தில் அது பிள்ளையை வைத்திருக்கிறது.

ஆகவே அவளை எங்கள் வீட்டு முன்கட்டுக்கு வரச் சொன்னேன். இரவு எட்டு முதல் ஒன்பதரை வரை. ஒரு நாற்காலி, ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு விளக்கு. "அக்கா வீட்டுக்குப் போறேன்" என்ற ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. முதல் இரண்டு மாதம் நான் எதுவுமே சொல்லித் தரவில்லை. என் கணக்குப் பேரேட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, எழுதியதைப் படிப்பதற்கு ஓர் ஆள். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அவள் படித்தாள். மொட்டைமாடியில் நடந்துகொண்டே சமூக அறிவியலை ஒப்பித்தால் கீழே எனக்கே பாடமாகிவிடும். ஆனால் பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து எழுதச் சொன்னபோது ஒரு மணி நேரத்தில் நான்கு பக்கம்கூட வரவில்லை. நார் சுற்றும்போது கண்ணுக்கே தெரியாத வேகத்தில் ஓடும் அந்த விரல்கள் பேனாவைப் பிடித்ததும் வலித்தன. கணக்கில் இன்னொரு விதமான சிக்கல். விடை சரியாக இருக்கும், வழி இருக்காது. மனத்துக்குள் போட்டுவிட்டு விடையை மட்டும் எழுதுவாள். "அதான் சரியா வந்திருச்சேக்கா, இன்னும் என்னத்த எழுதணும்?" என்பாள். ஐந்து மதிப்பெண் கணக்குக்கு ஒற்றை வரி விடை எழுதினால் திருத்துபவர் என்ன செய்வார்?

எனக்கு ராமானுஜன் நினைவுக்கு வந்தார். தாமாகப் படிப்பதற்குச் சான்றாக அவரைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். கும்பகோணத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்தபோது, 1903இல், கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதச் சுருக்கநூல் அவர் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், நிறுவல்கள் மிகச் சொற்பம். அந்த நூலே ஆசிரியர் ஆனதால் அவரும் முடிவுகளை மட்டும் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டே போனார். 1907இல் எஃப்.ஏ. தேர்வு எழுதித் தோற்றார். தனிமையில் எழுதிய அந்த ஏடுகளைப் படித்து, வழி எங்கே என்று கேட்க ஓர் ஆள் வேண்டும் என்று 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜுக்கு, ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஆகப் பெரிய மேதைக்கும் படித்துப் பார்க்க ஒருவர் தேவைப்பட்டார் என்பதை மறைத்துவிட்டுத்தான் நாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மு.வ.வின் கதை மதுரைக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானது. திருப்பத்தூர்த் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, உடல்நலக் குறைவால் அதை விட்டவர். முருகைய முதலியாரிடம் தமிழ் கற்று, 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலிடம் பெற்றார். கல்லூரி வாசலை மிதித்து வாங்கிய பட்டம் அல்ல. ஆனால் முருகைய முதலியார் இருந்தார். பிறகு 1971இல் அவரே மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக வந்தார். அதே 1971இல்தான் இங்கே அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது என்பதில் ஒரு பொருத்தம் இருப்பதாக எனக்குப் படும். அதற்கும் முன்னால், 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று தேர்வுகள் நடத்தியிருக்கிறது. நமக்குத் தனித்தேர்வர் மரபு புதிதில்லை. அந்நாளில் அதில் இளக்காரமும் இருந்திருக்காது.

இந்நாளில் இருக்கிறது, அரசின் கணக்கிலும் இருக்கிறது. 2020இல் பெருந்தொற்றின்போது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ரத்துசெய்து, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணையும் வருகையையும் வைத்துப் பள்ளி மாணவர் அனைவருக்கும் தேர்ச்சி கொடுத்தார்கள். தனித்தேர்வருக்குக் காலாண்டு ஏது, அரையாண்டு ஏது? அவர்கள் மட்டும் செப்டம்பரில் முகக்கவசத்தோடு போய் எழுதினார்கள். விதியைக் குறை சொல்லவும் முடியாது, கையில் ஆதாரம் இல்லாமல் எப்படி மதிப்பெண் போடுவது என்று கேட்பார்கள். ஆண்டு முழுவதும் ஒருவர் படித்ததற்கு ஊரில் ஒரு சாட்சியும் இல்லை என்பதுதான் அதன் பொருள்.

சாட்சியாக நான் இருப்பது என்று வைத்துக்கொண்டேன். தினம் ஒரு விடை, வாரம் ஒரு முழு வினாத்தாள். ஞாயிறு மதியம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம். திருத்துவதற்கு எனக்குப் பாடஞானம் போதாது; கணக்குக்கு எதிர்வீட்டுப் பாலிடெக்னிக் மாணவனைப் பிடித்தோம். மற்றவற்றுக்கு, படித்தால் புரிகிறதா என்று மட்டும் பார்த்தேன். புரியாத இடத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான் என் பணி. டிசம்பருக்குள் வழி எழுதாத கணக்கே இல்லை என்றானது. செய்முறை வகுப்பு நாள்களில் பக்கத்து வீட்டு அத்தை இவள் பங்குப் பூவையும் சேர்த்துக் கட்டினார். அதற்குக் கைம்மாறாக, பனிக்காலத்தில் பூ வரத்துக் குறைந்து கை ஓய்ந்திருந்தபோது அவர் வீட்டு வேலையை இவள் செய்துகொடுத்தாள்.

2024 மார்ச் 26 தமிழ், ஏப்ரல் 8 சமூக அறிவியல். மதுரையில் மல்லிகை வரத்து ஏறத் தொடங்கும் காலம் அது. கட்டுக் கூலி அதிகம் கிடைக்கும் வாரங்களில்தான் பரீட்சை. அந்த இரண்டு வாரமும் பூ வாங்க வேண்டாம் என்று முடிவெடுத்தவர் அந்தத் தாய்தான். யாரும் சொல்லவில்லை. வட்டிக்கு எங்கே வாங்கினார் என்று நான் கேட்கவும் இல்லை.

மே 10 அன்று முடிவு வந்தது. கணக்கில் 58. நான்கு பாடம் தேர்ச்சி. ஆங்கிலத்தில் 29. ஆங்கிலம் மட்டும் ஏன் என்று எனக்கு வியப்பில்லை. மற்றப் பாடங்களை ஒப்பித்தாவது பார்க்கலாம். பேசக் கேட்காத மொழியை மொட்டைமாடியில் யாரிடம் ஒப்பிப்பது? ஜூலையில் துணைத்தேர்வு எழுதி 41 வாங்கினாள்.

அதன்பின் அரசுப் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் பிரிவில் சேர்ந்தாள். தாய்க்கு உடம்பு தேறியிருந்தது. முதல் வாரம் முடிந்து வந்தவளிடம் பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா மணி அடிச்சதும் பாதிக் கணக்குல எல்லாரும் புத்தகத்த மூடிர்றாங்க. எனக்கு மூட வரல" என்றாள்.